அழுத்தம் கூடினா அடர்த்தி என்ன ஆகும்? திரவம், வாயு ரெண்டுக்கும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த டாபிக்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை ஒரே எடத்துல எழுதி வச்சிருக்கேன். பரீட்சைக்குப் படிக்கிற பசங்க கேக்கறதும் இருக்கு, பம்ப், கம்ப்ரஸர், சிலிண்டர்னு தினமும் வேலை பாக்கறவங்க கேக்கறதும் இருக்கு. வரிசையா படிக்கணும்னு இல்ல, எது வேணுமோ அதை மட்டும் பாருங்க.

மொதல்ல ஒரே வரில சொல்லுங்க, அழுத்தம் கூடினா அடர்த்தி கூடுமா?

கூடும். வாயுலயும் கூடும், திரவத்துலயும் கூடும். அடர்த்திங்கறது நிறையை கன அளவால வகுத்தா வர்றது தானே, அமுக்கினா கன அளவு கொறையுது, நிறை அப்படியே இருக்கு, அப்ப அடர்த்தி ஏறித்தான் ஆகணும். எவ்வளவு ஏறும்ங்கறதுல தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ்லயே நிக்கற மாதிரி வச்சுக்கிட்டு அழுத்தத்தை 1 அட்மாஸ்பியர்ல (கடல் மட்டத்துல காத்தோட சாதாரண அழுத்தம்) இருந்து 2 ஆக்கினா, காத்தோட அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோவுல இருந்து 2.4 கிலோ ஆயிடும், அதாவது முழுசா ரெண்டு மடங்கு. அதே வேலையை தண்ணிக்குப் பண்ணா 998.2 கிலோ சுமார் 998.25 ஆகும், அவ்வளவு தான்.

ஏன் இவ்வளவு பெரிய வித்தியாசம்?

மூலக்கூறுகளுக்கு நடுவுல இருக்கற காலி எடம் தான் காரணம். கொதிநிலைல இருக்கற 1 லிட்டர் தண்ணி முழுசா ஆவியானா சுமார் 1,600 லிட்டர் நீராவி வருது. 1,600-க்கு கனமூலம் எடுத்தா கிட்டத்தட்ட 12. அதாவது தண்ணில ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு இருந்த மூலக்கூறுங்க ஆவில ஏறக்குறைய 12 மடங்கு தள்ளிப் போய் நிக்குது. அப்ப வாயுங்கறது பெரும்பாலும் வெறும் எடம், அந்த எடத்தைத்தான் நாம அமுக்கிக் கொறைக்கிறோம். திரவத்துல அப்படி கொறைக்க எடமே இல்ல, இன்னும் கிட்ட தள்ளினா மூலக்கூறுகளோட எலக்ட்ரான் கூட்டம் ஒண்ணை ஒண்ணு பலமா எதிர்த்துத் தள்ளுது. அந்த எதிர்ப்பை மீறி கொஞ்சூண்டு நெருக்கறதுக்கே நூத்துக்கணக்கான அட்மாஸ்பியர் தேவைப்படுது.

இதை நானே செஞ்சு பாக்க முடியுமா?

ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு போதும். மொதல்ல காத்தை 20 கோடு வரைக்கும் இழுத்துட்டு நுனியை விரலால நல்லா அடைச்சு பிஸ்டனை அமுக்குங்க. 10 கோடு வரைக்கும் கொண்டு போயிடலாம், சுமார் 3 கிலோ எடை வச்சு அழுத்தற அளவு விசை தேவைப்படும், கையை எடுத்தா பிஸ்டன் தானா பின்னாடி வரும். 10 கோட்டுல நிக்கும்போது உள்ள இருக்கற காத்தோட அடர்த்தி வெளில இருக்கறதை விட ரெண்டு மடங்கு.

இப்ப காத்தை வெளியேத்திட்டு தண்ணி இழுத்து அதையே பண்ணுங்க. பிஸ்டன் அசையவே அசையாது. அதே விசைக்கு 20 மில்லி தண்ணி சுருங்கறது ஒரு மில்லில ஆயிரத்துல ஒரு பங்கு கூட கெடையாது, கண்ணுக்கு எங்க தெரியும். ஆனா ஒண்ணு கவனிங்க, தண்ணிக்குள்ள ஒரு சின்ன காத்துக் குமிழி மாட்டிக்கிட்டிருந்தா அமுக்கும்போது அந்தக் குமிழி மட்டும் பாதியா சுருங்கறதும், விட்டா பழையபடி விரியறதும் பக்கத்துல வச்சுப் பாத்தா தெளிவா தெரியும். ஒரே பிளாஸ்டிக் கொழாய்க்குள்ள திரவமும் வாயுவும் ஒரே அழுத்தத்துக்கு எப்படி வேற வேற மாதிரி நடந்துக்குதுன்னு இதை விட நல்லா எந்த படமும் காட்டாது.

பிரேக்ல காத்து புகுந்தா பெடல் ஏன் பொதபொதன்னு ஆகுது?

அந்தக் குமிழி கதை தான். உதாரணத்துக்கு 100 மில்லி பிரேக் ஆயில், அழுத்தம் 50 பார்னு எடுத்துக்கோங்க (1 பார்ங்கறது கிட்டத்தட்ட 1 அட்மாஸ்பியர்). ஆயில் கிட்டத்தட்ட தண்ணி அளவுக்கே சுருங்கும்னு வச்சா மொத்தமா கால் மில்லி தான் கொறையும். அதுக்குள்ள ஒரே ஒரு மில்லி காத்து இருந்தா அது 50-ல ஒரு பங்கா சுருங்கி காணாமயே போயிடும், அதாவது 100 மில்லி ஆயில் சுருங்கறதை விட நாலு மடங்கு அந்த ஒரு மில்லி காத்து சுருங்குது. உங்க கால் தள்ளற தூரம் எல்லாம் காத்தை அமுக்கவே போயிடுது, சக்கரத்துக்கு விசை சரியா போய்ச் சேரல. பிரேக் ஆயில் கொதிச்சு ஆவியானாலும் இதே தான் நடக்கும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், பெடல் இப்படி ஆனா தள்ளிப் போடாம ப்ளீட் பண்ணிடுங்க, அதாவது லைன்ல இருக்கற காத்தை வெளியேத்திடுங்க.

வாயுவுக்கு கணக்கு எப்படி போடறது?

அடர்த்தி = (அழுத்தம் × மோலார் நிறை) ÷ (8.314 × கெல்வின் வெப்பநிலை). அழுத்தம் பாஸ்கல்ல, மோலார் நிறை (ஒரு மோல் வாயுவோட நிறை) கிலோல, காத்துக்கு அது 0.029. வெப்பநிலை மாறலேன்னா அழுத்தமும் அடர்த்தியும் நேர் விகிதம், ராபர்ட் பாயில் 1662-ல வெளியிட்ட விதி இது தான்.

தப்பு நடக்கற எடம் ஒண்ணு இருக்கு, ரொம்ப பேர் இங்க தான் வழுக்கறாங்க. கேஜ், அதாவது அழுத்தமானி, காட்டற அழுத்தத்தை அப்படியே ஃபார்முலால போடக் கூடாது. கேஜ் காட்டறது வெளிக்காத்துக்கு மேல எவ்வளவு அதிகம்ங்கறதை மட்டும் தான், அதனால அட்மாஸ்பியர் அழுத்தத்தையும் கூட்டி முழு அழுத்தமா மாத்தணும். டயர்ல 30 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டுன்னு சொல்ற அலகு) காட்டுதுன்னா நெசமான அழுத்தம் 44.7 பிஎஸ்ஐ, வெளிக்காத்தோட அழுத்தமான 14.7-ஆல வகுத்தா 3.04. அதாவது டயருக்குள்ள இருக்கற காத்து வெளிக்காத்தை விட மூணு மடங்கு அடர்த்தி, 30-ஐ வச்சு வகுத்திருந்தா ரெண்டு மடங்குன்னு தப்பா வந்திருக்கும். பஞ்சர் ஆகி கேஜ் பூஜ்யம் காட்டும்போது டயருக்குள்ள காத்து இல்லாம போயிடல, வெளிக்காத்து அளவுக்கு இருக்கு.

அழுத்தம் ரெண்டு மடங்கானா அடர்த்தி எப்பவுமே ரெண்டு மடங்கா?

இல்ல. வெப்பநிலை மாறாம இருந்தா மட்டும் தான். வேகமா அமுக்கினா வாயு சூடாகும், சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அடிப்பக்கம் சுடறதுக்கு முக்கியமான காரணம் இது தான். சூடு வெளில போக நேரமே குடுக்காம காத்தோட அழுத்தத்தை ரெண்டு மடங்காக்கினா அடர்த்தி சுமார் 1.64 மடங்கு தான் ஏறும். கம்ப்ரஸர்ல ரெண்டு கட்டத்துக்கு நடுவுல கூலர் வைக்கறது இதுக்காகவும் தான், ஆறவச்சா அதே அழுத்தத்துல அதிக நிறை உள்ள போகும், அடுத்த கட்டத்துக்கு வேலையும் கொறையும். சிலிண்டரை சரசரன்னு ரொப்பிட்டு 200 பார் காட்டுச்சேன்னு மூடினா, ஆறினதுக்கப்புறம் கேஜ் எறங்கி நிக்கறதும் இதனால தான்.

மேல போகப் போக காத்து லேசாகுதுன்னு சொல்றாங்களே, அழுத்தமும் அடர்த்தியும் ஒரே மாதிரி கொறையுமா?

ரெண்டும் கொறையும், ஆனா ஒரே அளவுல இல்ல. ஸ்டாண்டர்ட் அட்மாஸ்பியர் (வளிமண்டலத்துக்குப் பொதுவா வச்சுக்கிட்ட சராசரி மாதிரி) கணக்குப்படி கடல் மட்டத்துல 15 டிகிரி, கன மீட்டருக்கு 1.225 கிலோ. விமானம் பறக்கற 11 கிலோமீட்டர் உயரத்துல அழுத்தம் 22 சதவீதமா எறங்கிடுது, அடர்த்தி மட்டும் சுமார் 30 சதவீதத்துல நிக்குது. ஏன்னா அங்க வெப்பநிலை மைனஸ் 56.5 டிகிரி, அந்தக் குளிர் காத்தைக் கொஞ்சம் நெருக்கமா வச்சிருக்கு. ஈரப்பதத்தையும் சேத்துக்கணும்: ஒரே அழுத்தம், ஒரே வெப்பநிலைல ஈரக்காத்து உலர்ந்த காத்தை விட லேசு, நீராவியோட மோலார் நிறை 18 கிராம், காத்துக்கு 29 கிராம்.

கடலுக்குள்ள டைவ் பண்றவங்களுக்கு இதனால என்ன?

நெறைய. 30 மீட்டர் ஆழத்துல அழுத்தம் 4 பார், சுவாசிக்கற காத்தும் 4 பார்ல தான் வரணும், அதனால ஒவ்வொரு மூச்சுக்கும் மேல இருக்கறதை விட நாலு மடங்கு காத்து செலவாகுது, மேல ஒரு மணி நேரம் வர்ற சிலிண்டர் அங்க கால் மணி நேரத்துல காலி. 12 லிட்டர் சிலிண்டர்ல 200 பார் ரொப்பினா உள்ள இருக்கற காத்தோட எடை மட்டுமே மூணு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. டைவ் முடியற நேரத்துல அவ்வளவு எடை கொறைஞ்சு போய் ஆள் மேல மெதக்கப் பாப்பார்ங்கறதையும் மொதல்லயே கணக்கு பண்ணித்தான் ஈயக்கட்டி கட்டிக்கிறாங்க. இன்னும் ஆழமா போனா காத்தோட அடர்த்தியே தொந்தரவு, நுரையீரல் கெட்டியான வாயுவை இழுத்து விடறதுக்கே கஷ்டப்படும், கார்பன் டை ஆக்சைடு உடம்புல தங்கிடும். ஆழமான டைவுக்கு ஹீலியம் கலக்கறதுக்கு நைட்ரஜன் மயக்கத்தோட (ஆழத்துல நைட்ரஜனால வர்ற போதை மாதிரி நிலை) இதுவும் ஒரு காரணம், அதே அழுத்தத்துல ஹீலியத்தோட அடர்த்தி நைட்ரஜன்ல ஏழுல ஒரு பங்கு தான்.

அந்த ஃபார்முலா எந்த அழுத்தம் வரைக்கும் செல்லும்?

சாதாரண வெப்பநிலைல காத்துக்கு பத்து இருபது பார் வரைக்கும் கண்ணை மூடிட்டு போடலாம். அதுக்கு மேல வாயுவுக்கு வாயு மாறும். கார்ல 700 பார்ல ஹைட்ரஜன் ரொப்பறாங்க, 15 டிகிரில ஃபார்முலா போட்டா கன மீட்டருக்கு 59 கிலோ வரும், நெஜத்துல கெடைக்கறது சுமார் 40 தான். மூலக்கூறுகளுக்கும் சொந்தமா ஒரு பருமன் இருக்கு, அவ்வளவு நெருங்கும்போது அது குறுக்க நிக்குது. மீத்தேனுக்கு தலைகீழ்: 200 பார்ல மூலக்கூறுகளுக்கு நடுவுல இருக்கற ஈர்ப்பு ஜெயிச்சு, ஃபார்முலா சொல்றதை விட அதிகமாவே சிலிண்டர்ல போகும், சிஎன்ஜிக்கு (அமுக்கி அடைச்ச இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன்) இது நல்ல விஷயம். வான் டெர் வால்ஸ் 1873-ல இந்த ரெண்டையும், அதாவது பருமன், ஈர்ப்பு ரெண்டையும் சமன்பாட்டுக்குள்ள கொண்டு வந்தார். டிசைன் வேலை பாக்கறவங்க அதோட நிக்காம அந்தந்த வாயுவோட டேபிளைப் பாத்துடுங்க.

தண்ணியை அமுக்கவே முடியாதுன்னு புத்தகத்துல இருக்கே?

அது ஒரு வசதிக்காக வச்சுக்கிட்டது, உண்மை கெடையாது. வாத்தியாருங்க அந்த வரியைச் சொல்லும்போது கூடவே "கிட்டத்தட்ட"ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. இந்த நம்பிக்கைக்கு பழைய வரலாறும் இருக்கு. 17-ஆம் நூற்றாண்டுல ஃப்ளாரன்ஸ் அகாடமில ஒரு உலோக உருண்டைல தண்ணியை ரொப்பி அடைச்சு சுத்தியால அடிச்சுப் பாத்தாங்க, தண்ணி சுருங்கறதுக்கு பதிலா உலோகத்து வழியா பனி மாதிரி கசிஞ்சுது, அப்ப தண்ணியை அமுக்க முடியாதுன்னு பல பேர் எடுத்துக்கிட்டாங்க. 1762-ல ஜான் கான்டன் கண்ணாடிக் கொழாய் வச்சு தண்ணி சுருங்கறதை அளந்தே காட்டிட்டார். 1822-ல அயர்ஸ்டெட் இன்னும் நல்ல கருவி பண்ணார், பாத்திரத்துக்கு உள்ளயும் வெளியயும் ஒரே அழுத்தம் குடுத்து, பாத்திரம் விரிஞ்சு கணக்கைக் கெடுக்காம பாத்துக்கிட்டார்.

திரவத்துக்கு கணக்கு எப்படி?

பல்க் மாடுலஸ்னு ஒரு எண் இருக்கு, எவ்வளவு விறைப்புன்னு சொல்றது. கூடுதல் அழுத்தத்தை அந்த எண்ணால வகுத்தா கன அளவு எத்தனை பங்கு கொறையும்னு வந்துடும், அடர்த்தி ஏறக்குறைய அதே பங்கு ஏறும். தண்ணிக்கு 2.2 கிகா பாஸ்கல், எத்தனாலுக்கு சுமார் 1, கிளிசரினுக்கு 4-க்கு மேல, பாதரசத்துக்கு 25-க்கும் மேல. தண்ணிக்கு 100 பார் குடுத்தா 10 மெகா பாஸ்கல் ÷ 2,200 மெகா பாஸ்கல், 0.45 சதவீதம். இதையே நீட்டி 1,000 பாருக்கு 4.5 சதவீதம்னு எழுதிடாதீங்க, அமுக்க அமுக்க தண்ணி இன்னும் விறைப்பாகும், 20 டிகிரில நெஜமா வர்றது சுமார் 4 சதவீதம் தான்.

சூடான தண்ணியை அமுக்கறது ஈஸியா?

மத்த பெரும்பாலான திரவத்துக்கு ஆமா. தண்ணி மட்டும் விசித்திரம், 0 டிகிரில இருந்து சுமார் 46 டிகிரி வரைக்கும் சூடாக சூடாக அமுக்கறது கஷ்டமாகும், அதுக்கு மேல தான் மத்த திரவம் மாதிரி நடந்துக்கும்.

ஆழ்கடல்ல தண்ணி ரொம்ப கெட்டியாகி, மூழ்கின கப்பல் நடுவுலயே மெதந்துட்டு நிக்குமாமே?

நிக்காது. உலகத்துலயே ஆழமான எடம் மரியானா அகழில இருக்கற சேலஞ்சர் டீப், கிட்டத்தட்ட 10,900 மீட்டர், அங்க அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். அவ்வளவுக்கும் தண்ணியோட அடர்த்தி சுமார் 5 சதவீதம் தான் கூடியிருக்கும், மேல 1,025-ன்னா அங்க 1,075 கிட்ட. இரும்பு 7,870. தண்ணியை விட கனமா இருந்து மூழ்க ஆரம்பிச்ச இரும்பு தரைல போய்த்தான் நிக்கும்.

ஆனா அந்த சின்ன சதவீதத்தை லேசா நெனைக்காதீங்க. கடலோட சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர், மேல இருந்து கீழ வரைக்கும் சராசரியா முக்கால் முதல் ஒரு சதவீதம் சுருங்கியிருக்கு, அந்தச் சுருக்கம் மட்டும் இல்லேன்னா உலகம் பூரா கடல் மட்டம் ஏறக்குறைய 30 மீட்டர் ஒசந்திருக்கும். கடற்கரை ஊர் எத்தனை தண்ணிக்குள்ள போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அப்ப நடுக்கடல் ஆழத்துல எதையுமே நிறுத்தி வைக்க முடியாதா?

முடியும், எனக்கு இந்தத் தலைப்புலயே ரொம்ப புடிச்ச எடம் இது. எது அதிகமா சுருங்குதுங்கறது தான் சூட்சுமம். நீர்மூழ்கிக் கப்பலோட உடம்பு கடல் தண்ணியை விட அதிகமா சுருங்கும். கொஞ்சம் கீழ போனா உடம்பு சுருங்கி மெதப்பு கொறையும், கொறைஞ்சா இன்னும் கீழ போகும், அதனால ஆழம் மாறும்போதெல்லாம் தண்ணியை வெளியேத்தியோ உள்ள எடுத்தோ சரி பண்ணிட்டே இருக்கணும். 1955-ல ஜான் ஸ்வாலோ இதைத் திருப்பிப் போட்டார். கடல் தண்ணியை விட கம்மியா சுருங்கற அலுமினியக் கொழாயை மூடி, மேல லேசா மூழ்கற அளவுக்கு எடை வச்சு விட்டார். அது எறங்க எறங்க சுத்தி இருக்கற தண்ணி கொழாயை விட வேகமா கெட்டியாகுது, ஒரு ஆழத்துல ரெண்டும் சமமாகி கொழாய் அங்கயே நின்னுடும், கீழ தள்ளினா மேல வரும், மேல தள்ளினா கீழ வரும். மோட்டாரும் வேணாம், கயிறும் வேணாம். அது எழுப்பற ஒலியைக் கேட்டு எங்க போகுதுன்னு கப்பல்ல இருந்து பின்தொடர்ந்து, ஆழ்கடல் நீரோட்டத்தை நேரடியா அளந்தாங்க. தண்ணி சுருங்கவே சுருங்காதுன்னா இந்தக் கருவிக்கு வேலையே இல்ல.

திரவத்தோட அடர்த்திக்கு அழுத்தம் முக்கியமா, வெப்பநிலை முக்கியமா?

அன்றாட வேலைல வெப்பநிலை தான். தண்ணியை 20-ல இருந்து 30 டிகிரி ஆக்கினா அடர்த்தி கால் சதவீதம் கொறையும், அதை அழுத்தத்தால ஈடு கட்டணும்னா 55 பார் கிட்ட குடுக்கணும். இதுல ஒரு ஆபத்தும் ஒளிஞ்சிருக்கு. கொஞ்சம் கூட காலி எடம் இல்லாம தண்ணி ரொப்பி ரெண்டு பக்கமும் வால்வை மூடின பைப் வெயில்ல கெடந்தா, பைப் விரியறதை விட்டுட்டு கணக்கு போட்டா டிகிரிக்கு 4 பாருக்கு மேல அழுத்தம் ஏறும். பத்து டிகிரி ஏறினா போதும், ஃபிளாஞ்ச் (பைப்புகளை இணைக்கற விளிம்பு) பிச்சுக்கும். திரவ லைன்ல அழுத்தம் அதிகமானா தானா திறந்துக்கற ரிலீஃப் வால்வு வைக்கறதும், எல்பிஜி சிலிண்டரை முழுசா ரொப்பாம மேல எடம் விடறதும் இதுக்குத்தான், தயவு செஞ்சு அந்த எடத்தை வீண்னு நெனைக்காதீங்க.

எல்பிஜி சிலிண்டர்ல பாதி தீந்தாலும் அழுத்தம் ஏன் பெருசா கொறையறதில்ல?

உள்ள திரவமும் அதோட ஆவியும் சேர்ந்து இருக்கு. ஆவி வெளில போனா திரவம் கொஞ்சம் ஆவியாகி அந்த எடத்தை ரொப்பிடும், அழுத்தத்தை முடிவு பண்றது வெப்பநிலை தான், எவ்வளவு மிச்சம்ங்கறது இல்ல. அதனால எடை போட்டுத்தான் பாக்கணும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான்ல கேஜ் இல்லாம எடையை வச்சே சோதிக்கறதும் இதே காரணம்.

டேங்க், பைப் அழுத்தம் தாங்குமான்னு பாக்கற பிரஷர் டெஸ்ட்டை ஏன் காத்துல பண்ணாம தண்ணில பண்றாங்க?

சுருங்கின அளவுக்குத்தான் சக்தி உள்ள சேரும். 1 கன மீட்டர் டேங்க்ல 100 பார்ல தண்ணி இருந்தா அதுல சேர்ந்திருக்கற சக்தி சுமார் 23 கிலோ ஜூல், காத்தா இருந்தா நூத்துக்கணக்கான மடங்கு. வெல்டிங் விட்டுப் போனா தண்ணி பீச்சி அடிச்சு அழுத்தம் சட்டுனு எறங்கிடும், காத்துன்னா டேங்கே வெடிச்சு சிதறும்.

அழுத்திட்டே போனா வாயு திரவம் அளவுக்கு கெட்டியாகுமா?

ஆகும். கார்பன் டை ஆக்சைடுக்கு 31 டிகிரி, 74 பார் தான் கிரிட்டிகல் புள்ளி, தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869-ல விவரமா எழுதினார். அங்க வாயுக்கும் திரவத்துக்கும் நடுவுல இருக்கற கோடே மறைஞ்சு போயிடும், அடர்த்தி கன மீட்டருக்கு 467 கிலோ, தண்ணில பாதி கிட்ட. அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல அழுத்தத்தை லேசா மாத்தினாலே அடர்த்தி தாறுமாறா மாறும், காபில இருந்து கஃபீனைப் பிரிக்கறது மாதிரி வேலைக்கு இதைத்தான் பயன்படுத்தறாங்க. வெள்ளி கிரகத்துத் தரைல 92 பார், 460 டிகிரிக்கு மேல, அங்க காத்தோட அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 65 கிலோ, நம்ம காத்தை விட 50 மடங்குக்கும் மேல.

காத்துக்கு அடர்த்தி மாறாதுன்னு வச்சுக் கணக்கு போடறாங்களே, அது எப்படி சரி?

காத்து சுருங்குமாங்கறது இல்ல கேள்வி, அந்த வேலைல அழுத்தம் எவ்வளவு மாறுதுங்கறது தான். ஃபேன், டக்ட், கட்டடத்து மேல மோதற காத்து, இங்கெல்லாம் அழுத்தம் ஒரு சதவீதம் கூட மாறறதில்ல, அடர்த்தியும் அப்படியே தான் இருக்கும். ஒலி வேகத்துல 0.3 பங்கு, அதாவது நொடிக்கு சுமார் 100 மீட்டர் வரைக்கும் அடர்த்தி மாத்தம் 5 சதவீதத்துக்குள்ள நிக்கும், அதனால அது வரைக்கும் மாறலேன்னு எடுத்துக்கறது வழக்கம். தண்ணிக்கும் இதே அளவுகோல் தான்: கொழாய்ல ஓடும்போது மாறாதுன்னு வச்சுக்கலாம், ஆனா வால்வை சட்டுனு மூடினா அழுத்த அலை நொடிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல பின்னாடி ஓடி வந்து கொழாயை டமார்னு அடிக்கும் பாருங்க, அந்த எடத்துல சுருக்கத்தை விட்டுட்டு கணக்கு போட்டா விடையே வராது.